பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு கண்

பெருமதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

வயதிலும் குறிபார்ப்பதிலும் உங்களுக்கு இளையவனான நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் கொழுந்தியாள், மகன், மருமகள் எல்லோரும் சௌக்கியம். மருமகளின் நீல வாளி மட்டும் சௌக்கியமாக இல்லை; அதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும், உங்கள் மகன் வீட்டாரும், உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

போனில் கேட்டால் போயிற்று, இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை. "ம்." "சரி." "வச்சிடட்டுமா." இதில் மூன்றாவதைச் சொல்லும்போதுதான் உங்கள் குரலில் கொஞ்சம் உற்சாகமே தெரிகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. கோபத்தில் தூக்கி எறிந்தாலும், எறிந்த இடத்தில் கிடக்கும். மறுநாள் மனது கேட்காமல் நீங்களே எடுத்துப் படிப்பீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா?

முதலில் காரியத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில் சொன்னீர்கள்: "எனக்கு இனிமே அந்த ஏர்கன் எதுக்கு? கண்ணு போச்சு. முன்னாடி இருக்கிற குமிழ் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியுது. யாராவது கேட்டா குடுத்துடு." அண்ணி கண்ணை மூடிய பிறகு உங்கள் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த மிக நீளமான பேச்சு அதுதான். அது இப்படிப்பட்ட பேச்சாகவா இருக்க வேண்டும் என்று எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பெரியவர் சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டு அலமாரிக்கு மேல் பழைய போர்வையில் சுற்றிப் படுத்திருக்கும் உங்கள் துப்பாக்கிக்கு ஆள் பார்த்துவிட்டேன். தெருமுனையில் இருக்கும் பல் டாக்டர். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு விட்டது.

இப்போது என் கவலை. உங்களுக்கு வந்த கம்பளிப்பூச்சி எனக்கும் வந்துவிட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணை இடுக்கினால் மூன்று விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? பின்னால் இருக்கும் பள்ளம், முன்னால் இருக்கும் குமிழ், தூரத்தில் நாம் சுடுவதற்காக நூலில் தொங்கும் பாட்டில் மூடி. ஒரு காலத்தில் மூன்றும் ஒரு வரிசையில் கைகட்டி நின்றன. இப்போது மூன்றும் கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒன்று முகம் காட்டினால் மற்ற இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதனால் என் துப்பாக்கிக்குக் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக் குழாய், ஸ்கோப் என்கிறார்களே, அதில் ஒன்று வாங்கிப் பூட்டலாம் என்று தீர்மானித்தேன். எந்த ஸ்கோப் வாங்குவது என்பதில்தான் ஒரு மாதமாக நாய் படாத பாடு படுகிறேன். நான் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். எனக்கு மீட்டரைப் படிக்கத் தெரியும், வாசலில் நிற்கும் நாயின் முகத்தைப் படிக்கத் தெரியும். லென்ஸ் சமாச்சாரம் எதுவும் தெரியாது. நீங்கள் மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவர். உங்களை விட்டால் யோசனை கேட்க எனக்கு வேறு யார்?

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் கடைத்தெருவில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்பது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "பெருசா இருந்தாத்தான் சார் பெருசாத் தெரியும்" என்று முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப்பை எடுத்துத் தலையில் கட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து துப்பாக்கி மேல் பூட்டினால், மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைத் தோழன் வாட்டசாட்டமாக இருப்பதுபோல் இருந்தது. போகட்டும், தெரிந்தால் சரி என்று கண்ணை வைத்துப் பார்க்கிறேன், மூடியைக் காணோம். மூடி தொங்கும் நூலைக் காணோம். பின்னால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற நம் மணல் மூட்டையே ஒரு சாம்பல் நிற மேகமாக நிற்கிறது. பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினேன். மேகம் பெரிதாயிற்று.

ஒருவேளை கண்ணாடியில் தூசோ என்று ஸ்கோப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மதிலுக்கு மேலே தூரத்தில் பார்த்தேன். ஆகா! தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்கையின் இறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பின்தெரு மாடியில் வக்கீல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருந்த பக்கத்தின் தலைப்பை நான் இங்கிருந்தே படித்துவிட்டேன். ருசி கண்ட பூனையாகி அடுத்த செய்தியையும் படித்துக்கொண்டிருந்தபோது பேப்பர் கீழே இறங்கியது, வக்கீலின் முகம் தெரிந்தது, முகத்தில் புருவம் ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய குமாஸ்தா வாசலில் வந்து நிற்கிறார். "சார், ஐயா சொல்லச் சொன்னாரு. பேப்பர் வேணும்னா படிச்சுட்டுக் குடுத்தனுப்புறாராம். இப்படி ஒளிஞ்சு நின்னு படிக்க வேணாமாம்."

பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த ஸ்கோப்பின் பார்வையை நூறு மீட்டருக்கென்று கம்பெனியிலேயே நிலையாக வைத்துப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். காட்டில் தூரத்தில் நிற்கும் மிருகத்தைப் பார்க்க அது சரி. நம் பின்வாசல் படியிலிருந்து மணல் மூட்டை வரை பத்தே மீட்டர். அந்தத் தூரத்தில் அதற்குக் கண் தெரியாது. இதை உங்கள் கொழுந்தியாளிடம் விளக்கினேன். அவள் துவைத்த துணியை உதறிக்கொண்டே, "கிட்ட இருக்கிறது எதுவும் தெரியாது, தூரத்துல போனதெல்லாம் பளிச்சுன்னு தெரியும். உங்களுக்குன்னே பார்த்துச் செஞ்சிருக்காங்க" என்றாள்.

அவள் சொன்னது பொய் இல்லை, சகலை. காலையில் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மத்தியானம் வரை தேடுகிறேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் முதல் தடவை சேர்ந்து வெளியே போன அந்தச் சாயங்காலம் எனக்கு வக்கீல் வீட்டுப் பேப்பரைவிடத் தெளிவாகத் தெரிகிறது. எனக்குக் கல்யாணமாகிச் சில வாரம்தான். நீங்கள் அந்த வீட்டுக்கு முன்னமே மருமகனானவர், சீனியர். மாமனார் வீட்டுக் கூடத்தில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாமல், சுவர்க் கடிகாரத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவும் தங்கையும் நம் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பலூன் சுடும் கடை. புதுப் பெண்டாட்டி பார்க்கிறாள் என்கிற மிதப்பில் நான் துப்பாக்கியை வாங்கினேன். சுட்டேன், சுட்டேன், சுட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பலூன்கூட அசையவில்லை. கடைக்காரர் மிகவும் மரியாதையாகச் சிரித்தார். உங்கள் கொழுந்தியாள் பக்கத்துக் கடை வளையலைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

நீங்கள் அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றீர்கள். மெதுவாக என் காதருகில் வந்து, "துப்பாக்கி கோணல். பலூனுக்கு வலது பக்கமா ஒரு உள்ளங்கை தள்ளிக் குறி வை" என்றீர்கள். வைத்தேன். படார் என்றது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "நீ தப்புப் பண்ணியிருந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல போய்ப் பட்டிருக்கும். எல்லாக் குண்டும் ஒரே இடத்துல போய்ப் பட்டா தப்பு உன் மேல இல்ல." கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் என் மேல் தப்பு இல்லை என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அன்றைக்கே உங்களுக்கு நான் ஆயுள் அடிமை.

அந்தப் பொருட்காட்சி முடிந்து கடையைக் கலைத்தபோது அந்தக் கடைக்காரரிடமே இரண்டு துப்பாக்கியை வாங்கி வந்தீர்கள், உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கோணலை நேராக்க மாதக்கணக்கில் உட்கார்ந்து தட்டித் தட்டிச் சரிசெய்தீர்கள். அதற்கப்புறம் நீங்களும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வராத, நாம் சும்மா விட்ட ஞாயிற்றுக்கிழமை எது? நீங்கள் கடையிலிருந்து இருமல் மருந்துப் பாட்டிலின் தகர மூடிகளைச் சட்டைப்பை நிறையக் கொண்டுவருவீர்கள். நான் அவற்றில் ஓட்டை போட்டு நூலில் கோத்துத் துணிக்கொடியில் தொங்கவிடுவேன். தோற்றவன் அன்றைய மத்தியானப் பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டது அண்ணி. அதனால்தான் நம் விளையாட்டுக்கு வீட்டில் ஒருநாளும் தடை வரவில்லை. விருந்தாளி வருகிற ஞாயிறுகளில், "இன்னைக்கு ரெண்டு ஆட்டமா ஆடுங்களேன்" என்று தங்கையும் அக்காவும் நம்மை ஊக்குவித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

நடுவரும் அண்ணிதான். சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காதால் மட்டுமே தீர்ப்புச் சொல்வார். ணிங் என்று கேட்டால் "பட்டுச்சு!" தொப்பென்று மணலில் இறங்கினால் "படலை!" லேசாக ணிக் என்றால், "தொட்டுச்சு, பாதி மார்க்!" மேல்முறையீடு கிடையாது. ஒரு தடவை நீங்கள், "இல்ல, நூல்ல பட்டுச்சு, நான் பார்த்தேன்" என்று வாதாடினீர்கள். "நூலுக்கு ஏது சத்தம்? பேசாம வந்து பாத்திரத்தைக் கழுவுங்க" என்றார். நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசாமல் போனீர்கள். நான் சிரித்ததற்கு அடுத்த வாரம் என்னைக் கழுவவைத்துப் பழி தீர்த்துக்கொண்டீர்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், சகலை! அப்போது அது சந்தோஷம் என்றே தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கதை எங்கேயோ போய்விட்டது. ஸ்கோப்புக்கு வருகிறேன். பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூடு கண்ட பூனையாகச் சின்னதாக ஒன்று வாங்கினேன். சுண்டு விரலைவிடக் கொஞ்சம் தடிமன். கிட்டத்தில் ஓரளவு நன்றாகவே தெரிந்தது. சந்தோஷமாக மூடிக்குக் குறிவைத்துச் சுட்டேன். ணிங் என்று கேட்கவில்லை, தொப்பென்றும் கேட்கவில்லை, வித்தியாசமாக ஒரு 'டொக்' கேட்டது. கொடிக்குக் கீழே மருமகள் மகனுடைய ஆபீஸ் சட்டைகளை ஊறவைத்த நீல வாளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாளியின் வயிற்றிலிருந்து சோப்புத் தண்ணீர் வளைந்து பீறிட்டு, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த மகனின் ஷூவுக்குள் நேராக இறங்கியது. நான் மூடியைக்கூட ஒருநாளும் அவ்வளவு துல்லியமாக அடித்ததில்லை, அந்த ஷூவுக்குள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் விழுந்தது. மருமகள் வந்து பார்த்தாள். "மாமா, வாளி உங்களை என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் கீழே போயிற்று என்பதை மகன்தான் போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துச் சொன்னான். ஸ்கோப், துப்பாக்கிக் குழாய்க்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்திருக்கிறது. கண் மாடியில், குண்டு கீழ்வீட்டில். தூரம் போகப் போகத்தான் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்படி திருகிவைக்க வேண்டுமாம். பத்து மீட்டருக்கென்று நாம் திருகிவைக்காவிட்டால் குண்டு அந்த இரண்டு விரல் கீழேயேதான் போகுமாம், அதுவும் கை கொஞ்சம் தாழ்ந்தால் வாளிதானாம். சரி என்று திருகிவைத்தேன். மூடி ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. நான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தபோதே ஸ்கோப்புக்குள் குறிபார்ப்பதற்காகத் தெரியும் குறுக்குக்கோடு லேசாகச் சாய ஆரம்பித்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. சாயங்காலத்துக்குள் கூட்டல் குறி பெருக்கல் குறி ஆகிவிட்டது. மறுநாள் ஒரு கோடு உள்ளேயே கழன்று உருண்டுகொண்டிருந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "இது ஸ்பிரிங் துப்பாக்கியா? அது பின்னாலயும் உதைக்கும், முன்னாலயும் உதைக்கும் சார். அதைத் தாங்குற மாதிரி செஞ்சதுதான் வாங்கணும்" என்கிறார். இதைத்தானே ஐயா நீர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்?

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு கலகம். ஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கம் ஒரு வளையம் உண்டு. அது அவரவர் கண்ணுக்குத் தக்கபடி குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியத் திருப்பிக்கொள்வதற்கு. மூடி தெளிவாக வரும் என்று நினைத்து நான் அதைத் திருப்பித் திருப்பிக் கோட்டையே தொலைத்தேன். மெனக்கெட்டு ஒருவழியாக என் கண்ணுக்குச் சரியாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், மகன் வந்து "எங்க, நான் பார்க்கிறேன்" என்று திருப்புவான். அவனுக்குப் பின்னால் மருமகள் தன் கண்ணுக்குத் திருப்புவாள். கடைசியில் உங்கள் கொழுந்தியாள் மூக்குக்கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை. ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு போதும், ஒரே ஸ்கோப் போதாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது மூன்றாவது தடவையாகக் கடையில் இரண்டு ஸ்கோப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஸ்பிரிங் உதையைத் தாங்குபவை என்று எழுதியே இருக்கிறது. ஒன்றில் முன்பக்கக் கண்ணாடியைத் திருகி, எந்தத் தூரமோ அந்தத் தூரத்துக்குத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கனம் அதிகம். ஒன்பது மடங்குவரை பெரிதாக்குகிறது. மற்றது எளிய ஜாதி. நாலு மடங்குதான், முன்னால் திருக ஒன்றுமே இல்லை, கிட்டத்துத் தூரத்துக்கென்றே பார்வையை நிலையாக வைத்துப் பூட்டியது. என் மனது இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. தூரத்துக்குத் தக்கபடி திருகிக்கொள்ளலாம் என்கிறார்கள். நம் கொல்லைப்புறம் என்ன இனிமேல் வளரவா போகிறது? ஒன்பது மடங்கு வைத்துப் பார்த்தால் மூடி பெரிதாகத் தெரிவது உண்மைதான், ஆனால் என் நாடித் துடிப்பும் சேர்ந்து தெரிகிறது. மூடி சும்மாதான் தொங்குகிறது, நான்தான் கிடுகிடுவென்று ஆடுகிறேன். இந்த வயதில் அதையெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பானேன்?

கடைக்காரர் பாவம், இந்தத் தடவை நன்றாகவே ஒத்துழைத்தார். "எங்க சுடுவீங்களோ அந்தத் தூரத்துலயே பாருங்க" என்று கடையின் பின்கோடி வரை நடந்துபோய், ஒரு பாட்டில் மூடியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசற்படியில் நின்று வெறும் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். இதற்கும் காரணம் இருக்கிறது. பார்வை வேறு தூரத்துக்குப் பூட்டியதாக இருந்தால், கன்னம் அரை விரல் நகர்ந்தாலும் கோடு மூடியை விட்டுவிட்டு உலாவப் போய்விடும். தூரம் பொருந்தியிருந்தால் தலை ஆடினாலும் கோடு ஆணி அடித்த மாதிரி நிற்கும். நின்றது, சகலை! "கன்னத்தை ஒரே இடத்துல வை, ஒரே இடத்துல வை" என்று நீங்கள் வருஷக்கணக்கில் என்னைத் திட்டிய திட்டெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பந்து வாங்க வந்த ஒரு அம்மாள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கடைக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் அப்புறம் வரேன்" என்று போய்விட்டார்.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாலு மடங்கு, கிட்டத்துக்குப் பூட்டியது, போதுமா? பூட்டியது பூட்டியதுதான், பிறகு மாற்ற முடியாது என்பது ஒன்றுதான் பயம். "வாங்கு" அல்லது "வாங்காதே" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். நாலு வரியாக எழுதினால் இன்னும் சந்தோஷம்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்கவும் பயமாக இருக்கிறது. அண்ணி போன பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்தீர்கள். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ம்" என்று சொல்லிவிட்டு, சுட்டீர்கள். மூடி ணிங் என்றது. நூலோடு சுழன்று சுழன்று நின்றது. ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை. நாம் இரண்டு பேரும் அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். பிறகு நீங்கள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கண்ணு சரியாத் தெரியலை" என்றீர்கள். கண் தெரியாமலா மூடி ணிங் என்றது என்று நான் கேட்கவில்லை. மறு மாதம் மகன் வீட்டோடு போய்விட்டீர்கள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. ஜெயிக்க ஆள் இல்லாத ஆட்டத்தில் தோற்கக்கூட முடியவில்லை. தினமும் நானேதான் பாத்திரம் கழுவுகிறேன், அதிலும் சுவாரசியம் இல்லை.

சரி, அதை விடுங்கள். பல் டாக்டர் போன வாரமே ஒருமுறை வந்து உங்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார். குண்டே போடாமல் மடக்கி நிமிர்த்தி, நான் "ஐயோ" என்பதற்குள் விசையை இழுத்துவிட்டார். காலித் துப்பாக்கியில் ஸ்பிரிங் போய் மோதுகிற சத்தம் இருக்கிறதே, எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்தவர் பல்லைப் பிடுங்கியே பழகிய மனிதர், வலி எப்படித் தெரியும்? என்றாலும் நீங்கள் கொடுக்கச் சொல்லிவிட்டீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.

உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் நல்வாழ்த்துகள். பேத்தி பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, குடும்பத்துக்குப் பேர் வாங்கித் தரட்டும். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வயசு திடகாத்திரமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். பெரியவரான உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அன்புள்ள சின்னச் சகலை.

பின்குறிப்பு: அத்தானுக்கு, இதை எழுதுவது நான், உங்கள் கொழுந்தியாள். தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படிக்காமல் இருக்க நான் என்ன தபால்பெட்டியா? மேலே எழுதியிருப்பதில் வக்கீல் பேப்பரும் வாளியும் நிஜம். மீதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். இவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம்கூட வெறும் கண்ணால் மூடியை அடித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். கம்பளிப்பூச்சி உங்களுடையது மட்டும்தான்.

பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை. விசையை இழுத்த அன்றைக்கே இவர் அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, "இது என் சகலையோடது, குடுக்கிறதா இல்ல" என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இப்போது கடைவாய்ப் பல் வலிக்கிறது. அவரிடம் எந்த முகத்தோடு போவது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

யோசனை கேட்டிருக்கிறாரே, அந்த நாலு மடங்கு ஸ்கோப், அதை வாங்கி இன்றோடு பத்து நாள் ஆகிறது. பூட்டியிருப்பது இவர் துப்பாக்கியில் இல்லை, உங்களுடையதில். முன்னால் வாங்கிய இரண்டும் உங்களுடையதற்குத்தான். அந்தக் கணக்கில் என் மருமகளின் வாளியை ஓட்டையாக்கியதும் உங்கள் துப்பாக்கிதான். உங்களுக்காக வாங்கினேன் என்று எழுதினால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்களாம், யோசனை கேட்டால்தான் நாலு வரி எழுதுவீர்களாம். இப்படி ஒரு தந்திரம் செய்ய இவருக்கு ஏழு பக்கம் வேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல், மனசும் கொஞ்சம் மங்கல் என்று எனக்குத் தெரியும் அத்தான். அக்கா இல்லாத இந்தக் கொல்லைப்புறத்தைப் பார்க்க எனக்கே சில நாள் முடியவில்லை. ஆனால் இவர் அந்த ஸ்கோப்பில் எல்லாத் திருகாணியையும் இறுக்கிவிட்டு, கண் வைக்கிற பக்கத்து வளையத்தை மட்டும் தளர்வாக விட்டு வைத்திருக்கிறார். வீட்டில் ஒருவரையும் தொட விடவில்லை. நேற்று தூசி தட்டப் போன என்னையே சத்தம் போட்டார். "அதைத் திருப்பாதடி! அது அவரு கண்ணுக்கு வச்சுத் திருப்பணும். அவரு வந்து பார்த்தப்புறம்தான் இறுக்கணும்."

ஒருமுறை வந்து அதை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அத்தான்.